அறிவிப்பாளர் தொடர்

கிண்ணியாவிலிருந்து முதுகலைமாணிப் பட்டத்துக்காக ஆய்வேடு எழுதப் புறப்படும் ஒருவர் தம்முடைய மேற்பார்வையாளர் முன்னிலையில் முதன்முதலாக வைக்கும் தலைப்பு, பெரும்பாலும், ஆறு பாகங்களில் எழுதினாலும் அடங்காத தலைப்பாகவே இருக்கக் காண்கிறேன். ஊரின் வரலாறு, ஊராரின் தொழில், பள்ளிவாசல்களின் தோற்றம், கலியாணச் சடங்குகள், வயலிலும் கடலிலும் பாடப்பட்ட கவிகள், புலவர்கள், அவர்தம் நூல்கள் என்று எல்லாவற்றையும் ஒரே கட்டில் அடக்கி, ஈற்றில் 'ஓர் ஆய்வு' என்னும் இரு சொற்களை ஒட்டிவிட்டால் அது ஆய்வாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. இதனைப் பேராசை என்று நகைப்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஒரு புறம் கொட்டியாரக் குடாவும் மறுபுறம் தம்பலகாமக் குடாவும் அணைத்திருக்க, மகாவலி கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்கு அயலில், கோணேசர் கோயில் நிற்கும் குன்றுக்கும் துறைமுகத்துக்கும் எதிரே அமைந்த ஊரொன்றில் பிறந்தவனுக்கு, எந்தச் சிறு விஷயத்தைத் தொட்டாலும் அதன் பின்னே பெரிய விஷயமொன்று இழுபட்டு வருவது இயற்கையே. 1660 இல் இதே கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து கரையிறங்கியபோது சிறைபிடிக்கப்பட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், தப்பிச்சென்றபின் 1681 இல் லண்டனில் வெளியிட்ட நூல் இலங்கைத்தீவைப் பற்றிய மேனாட்டார் நூல்களுள் இன்றும் முன்னணியில் வைத்துப் பேசப்படுகிறது. வந்த அந்நியன் ஒருவனுக்கே ஒரு நூலளவு சொல்லவிருந்ததென்றால், இங்கேயே பிறந்தவர்கள் சற்று அகலக் கால் வைப்பதைக் குற்றமென்று எப்படிச் சொல்வது?

ஆனால், நொக்ஸுக்கு இருந்த ஒரு சௌகரியம் நமக்கில்லை. அவனுக்கு எல்லாமே புதிது. ஆகையால் உழவர் எப்படி உழுகிறார்கள், எதை உடுக்கிறார்கள், எப்படி வணங்குகிறார்கள் என்பனவெல்லாம் எழுதத்தக்க செய்திகளாக அவன் கண்ணிற்பட்டன. நமக்கோ எதுவும் புதிதன்று. எல்லாமே உம்மாவின் மடியிலிருந்து தொடங்கிவிட்ட விஷயங்கள். அறிந்த பொருளின் மிகுதியே, அறியவேண்டிய பொருள் எது என்பதை மறைத்துவிடுகிறது. முதுகலைமாணி ஆய்வேட்டுக்கு மேற்பார்வையாளர் ஒருவர் அவசியம் என்று பல்கலைக்கழகங்கள் விதித்திருப்பதன் நியாயத்தை நான் இவ்விடத்திலேயே தேடுகிறேன். அவர் மாணவரைவிட அதிகம் கற்றவர் என்பதனாலன்று. மாணவருக்கு வெளிப்படையாகத் தோன்றுகின்ற எதுவும் அவருக்கு வெளிப்படையாகத் தோன்றுவதில்லை என்பதனாலேயே அவர் வேண்டப்படுகிறார்.

என்னிடம் பாடசாலையில் தமிழ் படித்து, பின்னர் தானும் ஆசிரியையாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு இந்தப் படிப்பில் இறங்கிய பெண்ணொருத்தியின் முதல் முன்மொழிவை நான் பார்த்திருக்கிறேன். மேற்சொன்ன இலக்கணம் அனைத்தும் பொருந்திய தலைப்பு. அதற்குக் கீழே, கிண்ணியாப் பெண்கள் தாலாட்டுப் பாடுவதில் வல்லவர்கள் என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தின் ஓரத்தில், மேற்பார்வையாளரின் கையால், பென்சிலில் மெல்லிதாக, 'யார் சொன்னது?' என்று இரண்டே சொற்கள். அந்தத் தாளைக் கையிற் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய அழுகின்ற நிலையில் அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"ஊருக்கே தெரிஞ்ச விசயம், சேர். இதுக்குமா ஆள் காட்டணும்?"

ஊருக்கே தெரிந்த விஷயம் என்று அவள் சொன்னது முற்றிலும் உண்மை. ஆயினும், ஊருக்கு வெளியே உள்ளவர் ஒருவர் அதனைத் தெரிந்துகொள்ளும் வழி எது என்ற வினாவுக்கு அவளிடம் விடையிருக்கவில்லை, என்னிடமுங்கூட இருக்கவில்லை. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், எப்போது, எந்தச் சந்தர்ப்பத்தில், பிள்ளை ஆணா பெண்ணா, ஏணையிலா மடியிலா என்று அந்த இரண்டு சொற்களும் அடுத்த சில கிழமைகளில் பத்து வினாக்களாகப் பெருகின. ஏழு அத்தியாயங்களில் ஊரையே அளந்துவிட நினைத்திருந்த முன்மொழிவு, கிண்ணியாவின் முஸ்லிம் தெருவொன்றிலும், அருகே இந்துத் தமிழர் வாழும் ஆலங்கேணியிலும் வழங்கும் தாலாட்டுகளில் உறவுமுறைப் பெயர்கள் எவ்வாறு வருகின்றன என்ற அளவுக்குச் சுருங்கிற்று. ஆலங்கேணித் தாய் எந்தெந்த உறவினரைப் பெயர் சொல்லி அழைக்கிறாள், கிண்ணியா உம்மா யாரை அழைக்கிறாள், மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் நம் பக்கத்து வழமை அந்த வரிசையில் எங்கேனும் தென்படுகிறதா என்பதே இறுதியில் எஞ்சிய கேள்வி. இத்தாலிய அறிஞர் உம்பர்ட்டோ எக்கோ, தம் நாட்டு மாணாக்கருக்கு ஆய்வேடு எழுதும் முறையைக் கற்பிப்பதற்காகவே 1977 இல் ஒரு நூல் செய்தார். களம் குறுகக் குறுக வேலை செம்மையாகும் என்பது அதில் அவர் சொல்லும் புத்திமதிகளுள் ஒன்று. அவர் அதைச் சொல்லாதிருந்தாலும் நம்முடைய பென்சில்காரர் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அடிக்குறிப்பு, சான்றாதாரம், தகவலாளர் பட்டியல் என்பனவெல்லாம் மேல்நாட்டார் கொண்டுவந்து நம் தலையில் ஏற்றிய சுமை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். மதரசாவில் சில ஆண்டுகள் ஓதிய எவரும் அப்படி எண்ணுவதற்கு நியாயமில்லை. நபிமொழி ஒவ்வொன்றும் இரு பகுதிகளாலானது: சொல்லப்பட்ட செய்தி ஒன்று, அதனை இன்னாரிடமிருந்து இன்னார், அவரிடமிருந்து இன்னார் எனக் கேட்டுக் கடத்திவந்த அறிவிப்பாளர் தொடர் மற்றொன்று. தொடரில் ஓர் ஆள் விடுபட்டாலும், இருவர் ஒரே காலத்தில் வாழ்ந்து சந்தித்திருக்க இடமில்லை என்று கண்டாலும், ஒருவருடைய ஞாபகசக்தி தளர்ந்திருந்ததென்று தெரிந்தாலும், செய்தி எத்துணை அழகியதாயினும் அதன் தரம் இறங்கிவிடும். அறிவிப்பாளர்களின் வாழ்க்கையை ஆராய்வதற்கென்றே தனியொரு சாஸ்திரம் வளர்ந்தது. ஆசிரியர் ஒருவரிடம் நூலை ஓதி முடித்தவனுக்கு, அதனைப் பிறர்க்குக் கற்பிக்க அவர் தம் கையால் எழுதிக்கொடுக்கும் இஜாஸா என்னும் அனுமதி, பட்டமளிப்பு விழாவுக்கு எத்தனையோ நூற்றாண்டு மூத்தது. தமிழ் மரபின் பக்கம் திரும்பினாலும் இதே முறைமைதான். இறையனார் அகப்பொருளுக்கு நக்கீரர் கண்ட உரை, அவர் மகனார் கீரங்கொற்றனார் தொடங்கி முசிறியாசிரியர் நீலகண்டனார் ஈறாக, ஒருவர்க்கு ஒருவர் சொல்லச் சொல்லப் பத்துத் தலைமுறை வந்ததென்று அவ்வுரையே பெயர்பெயராகக் கணக்குக் காட்டுகிறது. அந்தப் பட்டியலைச் சரித்திரமென்று ஏற்பதா என்பதில் அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. அதைப்பற்றி எனக்கு இவ்விடத்தில் கவலையில்லை. பட்டியல் ஒன்று கொடுத்தாலன்றி உரை செல்லாது என்று கருதிய சமுதாயம் ஒன்று இருந்ததே, அதுதான் கவனிக்கத்தக்கது.

அந்தப் பெண் தாலாட்டுப் பதியப்போனபோது ஒருமுறை நானும் துணைக்குச் சென்றேன். பெரியாற்றுமுனைப் பக்கம் ஒரு வீடு; வயது எண்பதைக் கடந்த மூதாட்டி. கைத்தொலைபேசியைப் பாயின்மீது வைத்ததும், படம் பிடிக்கிறார்கள் என்றெண்ணி அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பாடச் சொன்னதற்கு, பாடசாலைப் பிள்ளை மனனம் ஒப்பிப்பதுபோல அடியடியாக, இராகமில்லாமல் சொல்லி முடித்தார். எழுதிக்கொண்டு எழுந்திருக்கலாம் போலிருந்தது. அந்நேரத்தில் உள்ளே பேத்தியின் குழந்தை வீறிட்டழ, மூதாட்டி எழுந்துபோய் ஏணையை ஆட்டத் தொடங்கினார். எங்களை மறந்துவிட்ட அந்தக் குரலில், சற்றுமுன் ஒப்பித்த அடிகளுக்கு நடுவே, சாச்சியும் மாமியும் பெரிய வாப்பாவும் கொழும்புக்குப் போன மாமாவும் ஒருவர்பின் ஒருவராக வந்து நுழைந்தார்கள். ஒப்பித்தபோது அவர்களில் ஒருவரையும் காணவில்லை. பாயில் கிடந்த தொலைபேசிக்கு அந்தக் குரல் பாதிதான் எட்டியது. ஆய்வின் பொருளே உறவுப்பெயர்கள். அவையோ குழந்தை அழுதாலன்றி வெளிவர மறுக்கின்றன! களஆய்வு முறைமை என்ற அத்தியாயத்தில் எத்தனை பக்கம் எழுதினாலும் விளங்காத ஒன்றை அந்த ஏணைக் கயிறு விளக்கிற்று.

பிள்ளை உறங்கியபின், மேற்பார்வையாளரின் வினாவை மாணவி அவரிடம் கேட்டாள்: "இத ஆர்ட்டப் படிச்சீங்க, மூத்தம்மா?"

"என்ட உம்மாட்ட. உம்மா அவட மூத்தம்மாட்ட. அவ ஆர்ட்டப் படிச்சாவோ, அத அல்லாதான் அறிவான். இதெல்லாம் என்னத்துக்குப் புள்ள எழுதுறாய்?"

தெரிந்த மட்டும் தொடரைச் சொல்லி, தெரியாத இடத்தில் நிறுத்திக்கொண்ட அந்த விடை, நான் வாசித்த பல ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளைவிட யோக்கியமானது என்று எனக்குப் பட்டது.

சீறாப்புராணம் பிறந்த வரலாற்றை, மரபிலே சொல்லப்படுகின்றபடி, இந்த நோக்கில் மீண்டும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்ற உமறுப்புலவருக்கு யாப்பும் அணியும் கைவந்திருந்தன; நபிகளாரின் சரிதத்தைப் பாடவேண்டுமென்று வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலும் இருந்தது; ஆனால் அரபு மூலங்களிலுள்ள செய்தியை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. கீழக்கரையில் சதக்கத்துல்லா அப்பா என்னும் மகானிடம் சென்றார். அவர் முதலில் மறுத்துவிட்டார். பின்னர் மனமிரங்கி இசைந்து, பரங்கிப்பேட்டையிலிருந்த தம் மாணாக்கரிடம் அனுப்பிவைத்தார் என்றும், அங்கே உரை கேட்டுக் கேட்டே உமறு பாடினார் என்றும் சொல்லுகிறார்கள். நூல் முற்றுப்பெறுமுன் சீதக்காதி காலமாகிவிட, அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் அரங்கேறிற்று. 5,000 விருத்தங்களுக்கு மேற்பட்ட அப்பெருங்காப்பியம், அவ்வளவு நீண்டும் நபிகளாரின் வாழ்க்கையை முடிவுவரை சொல்லவில்லை. முன்மொழிவு, நிராகரிப்பு, திருத்திய விண்ணப்பம், துறைசார்ந்த துணை, நிதியுதவி செய்தவரின் மறைவு, இறுதியில் சபையோர்முன் வாய்மொழிப் பரீட்சை: இன்றைய பட்டதாரி படும் பாடுகளுள் உமறு படாதது எது? விடுபட்ட பகுதிக்காக அவருடைய பட்டத்தை எவரும் பறிக்கவுமில்லை.

நவீன பல்கலைக்கழகத்துக்கு வருவோம். பாணந்துறையை அடுத்த, சிங்களம் சூழ்ந்த பகுதியொன்றில் 1922 இல் பிறந்த ம. மு. உவைஸ், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்க வந்தபோது, அங்கே முதலாவது தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்தவர் விபுலானந்த அடிகள். 1920களின் நடுப்பகுதியில், நமக்கு எதிர்க்கரையிலே, திருக்கோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய அதே அடிகள். 1947 ஜூலையில் அடிகள் மறைந்தார். அவர் ஊட்டிய ஊக்கம் மறையவில்லை. தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு என்ற பொருளில் உவைஸ் ஆங்கிலத்தில் எழுதிய முதுகலைமாணி ஆய்வு 1951 இல் நிறைவெய்தி, 1953 இல் கண்டியிலிருந்து நூலாக வெளிவந்தது. இன்று அந்நூலைப் புரட்டினால், பெரும்பாலான பக்கங்களில் நூற்பெயர்களும் ஆசிரியர் பெயர்களும் காலங்களுந்தான். வாதமென்று சொல்லத்தக்கது கொஞ்சமே. இதனைக் குறையென்று சொல்வோர், அந்தக் காலத்தில் கற்றறிந்த தமிழர்களே சீறாப்புராணத்துக்கு அப்பால் முஸ்லிம் புலவர் பெயர்களை அதிகம் அறிந்திராமையை மறந்துவிடுகிறார்கள். இருப்பை நிரூபிப்பதே அப்போது வாதம். அந்த ஒரு பட்டத்துக்காகத் திரட்டிய பட்டியல்தான், 1979 இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழிலக்கியத்துக்கென நிறுவிய இருக்கையில் அவரை அமர்த்தி, பீ. மு. அஜ்மல்கானோடு சேர்ந்து பல பாகங்களில் இலக்கிய வரலாறு எழுதவைத்து, 1572 இல் இயற்றப்பட்ட ஆயிர மசலாவை மீண்டும் அச்சேறச் செய்தது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் கம்பெரலிய என்னும் சிங்கள நாவலைத் தமிழாக்கியவரும் அவரே என்பதை நம் மாணவர்கள் பலர் அறியார்; தேர்வுக்கு வராத விஷயம்!

தனிநாயகம் அடிகளும் இவ்வகையில் நினைக்கத்தக்கவர். முப்பது வயதைக் கடந்தபின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறைப்படி தமிழ் பயின்று, பழந்தமிழ்ச் செய்யுளில் இயற்கை என்ற பொருளில் அவர் எழுதிய முதுநிலை ஆய்வேடே, விரிந்து திருந்தி, உலகெங்கும் திணைக் கோட்பாட்டை அறிமுகஞ்செய்த நூலாயிற்று. கலாநிதிப் பட்டத்து ஆய்வே பெரிது, முதுகலைமாணி ஆய்வு அதற்கு ஏறும் படி என்று இறுமாந்திருப்பவர்கள் இவ்விருவரையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

மேற்பார்வையாளர் மாணவனின் பொருளை அறிந்திருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு, நம்மவர் சரித்திரத்தில் விசித்திரமான ஒரு விடை உண்டு. கைலாசபதியும் அவருக்குப்பின் சிவத்தம்பியும் தம் கலாநிதிப் பட்டத்துக்குச் சென்றது தமிழறிஞர் எவரிடமும் அன்று; பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்த ஜோர்ஜ் தொம்சனிடம். சங்கச் செய்யுளை மூலத்தில் வாசிக்கத் தெரியாத அந்தப் பேராசிரியரின் கீழ் எழுதப்பட்ட ஆய்வுகளே, 1968 இல் தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றிய ஆங்கில நூலாகவும், 1981 இல் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய நூலாகவும் அச்சேறின. தொம்சன் தாமே இந்த வித்தையை எங்கே கற்றார் என்பது இன்னும் சுவாரசியமானது. இளவயதில் அவர் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கெற் என்னும் சிறு தீவுக்குப் போய், அங்கிருந்த மீனவரோடு பழகி ஐரிஷ் மொழியைப் பேசக் கற்றார். அத்தீவு இளைஞன் ஒருவனைத் தன் வாழ்க்கையை எழுதும்படி தூண்டி, 1933 இல் அது நூலாக வெளிவரத் துணைநின்றார். எழுத்தறிவு குறைந்த அம்மக்களின் அன்றாடப் பேச்சிலேயே செய்யுள் ஊறியிருப்பதைக் கேட்டபிறகுதான் ஹோமரின் பாடல்கள் எவ்வாறு பிறந்திருக்கும் என்பது தமக்கு விளங்கத் தொடங்கியதென்று கருதினார். மீனவரிடமிருந்து கிரேக்கத்துக்கும், கிரேக்கத்திலிருந்து புறநானூற்றுக்கும் வந்த வழி இது. ஆகவே, கிண்ணியாவிலிருந்து போகிற மாணவி, தன் மேற்பார்வையாளருக்கு மூத்தம்மாவின் சொற்கள் பாதி விளங்கவில்லையே என்று மனந்தளர வேண்டியதில்லை. விளங்காததைக் கேட்கத் தெரிந்தவராக அவர் இருந்தால் போதும்.

கேட்காத மேற்பார்வையாளர்களும் உண்டு என்பதை மறைக்கவேண்டிய அவசியம் எனக்கில்லை. கொடுத்த அத்தியாயத்தை மாதக்கணக்கில் வைத்திருந்து, திருத்தமொன்றுமின்றி ஒப்பமிட்டுத் திருப்பித் தருபவர் ஒருவகை. மாணவனின் ஆய்வில் தம்முடைய பழைய கட்டுரைகளே மேற்கோளாக நிரம்பவேண்டும் என்று எதிர்பார்ப்பவர் இன்னொருவகை. முன்னவரால் நேரம் நஷ்டம்; பின்னவரால் மாணவனே நஷ்டம். எனினும் பழியனைத்தையும் அவர்கள்மீது சுமத்துவதும் தர்மமாகாது. சம்பளப்படியில் ஒரு படியும், பதவியுயர்வில் சில புள்ளிகளும் மட்டுமே நோக்கமாகப் பட்டத்துக்குப் பதிவுசெய்துகொண்டு, பழைய ஆய்வேடொன்றில் ஊர்ப்பெயரை மாற்றித் தட்டச்சுக்குக் கொடுத்துவிடும் ஆசிரியப் பெருமக்கள் நம் மாகாணத்தில் இல்லையென்று யார் துணிந்து கூறுவார்?

தூரத்தின் கஷ்டம் மட்டும் உண்மையான கஷ்டம். 2009 ஒக்ரோபரில் சவூதி அரேபிய நிதியுதவியோடு கட்டிய 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும் வரையில், திருக்கோணமலைக்குப் போவதென்றாலே படகுப்பாதைக்குக் காத்துநிற்கவேண்டியிருந்தது. காற்றும் மழையும் மிகுந்தால் படிப்பும் அன்றைக்கு அக்கரையோடு நின்றுவிடும். மட்டக்களப்புத் திசையில் போவோர்க்கு உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று துறைமேல் துறையாக அதே காத்திருப்பு இருந்தது. பெரிய பாலம் வந்தபின்னும் தண்ணீரின் ஆபத்து தீர்ந்துவிடவில்லை என்பதை, 2021 நவம்பர் 23 ஆம் திகதி, குறிஞ்சாக்கேணியில் பாடசாலைப் பிள்ளைகளையும் ஏற்றிச்சென்ற படகுப்பாதை கவிழ்ந்து உயிர்கள் பலியான காலைவேளை நமக்கு உணர்த்திற்று. வார இறுதி வகுப்புக்காக வெள்ளி இரவு கண்டி பஸ்ஸில் ஏறி, ஹபரணையிலும் தம்புள்ளையிலும் அரைத்தூக்கத்தில் கண்விழித்து, சனி காலை விரிவுரை மண்டபத்தில் முகங்கழுவி உட்காரும் ஆசிரியைகளின் சிரத்தையை, வளாகத்திலேயே விடுதியில் தங்கிப் படித்தவர்கள் அளந்தறிய மாட்டார்கள். போதாக்குறைக்கு, மூலங்களும் நம்மிடம் நிலைப்பதில்லை. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981 இல் எரிந்தது எல்லோரும் அறிந்த துயரம். 2004 டிசம்பர் 26 இல் கிண்ணியா ஆஸ்பத்திரியையே சிதைத்துப்போட்ட கடல், கரையோர வீடுகளின் பெட்டிகளில் கிடந்த அரபுத்தமிழ்க் கையெழுத்துக் கொப்பிகளையும் மாலைப் பாடல்களையும் என்ன செய்தது என்பதை எந்த விசாரணைக் குழுவும் பதியவில்லை. 2005 முதல் வளர்ந்துவரும் நூலகம் எண்ணிம நூலகத்தின் புண்ணியத்தால், நள்ளிரவில் பிள்ளைகள் உறங்கியபின் பழைய மல்லிகை இதழொன்றைக் கைத்தொலைபேசியிலே வாசிக்க முடிகிறது என்பது இந்தத் தலைமுறைக்குக் கிடைத்த பெரும்பேறு.

தட்டச்சுக் கடையின் கதையைச் சொல்லாமல் ஆய்வேட்டின் கதை நிறைவுறாது. பல்கலைக்கழகம் ஒருங்குறியில் கேட்கிறது. கடைப்பையனோ பாமினியில் அடித்துப் பழகியவன். எழுத்துரு மாற்றியபோது கொம்புகள் இடம்பெயர்ந்தன. அடிக்குறிப்பு இலக்கங்கள் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நகர்ந்தன. ஆலங்கேணித் தாலாட்டுக்குக் கிண்ணியா மூதாட்டியின் பெயரும், கிண்ணியாத் தாலாட்டுக்கு ஆலங்கேணி அம்மாவின் பெயரும் போய் அமர்ந்தன. மாணவி அதனைக் கவனித்திராவிட்டால், பிற்காலத்தில் யாரோ ஓர் ஆராய்ச்சியாளர் இரு சமூகங்களின் கலப்புப் பற்றி அதிலிருந்து அற்புதமான முடிபொன்றைப் பெற்றிருப்பார். அறிவிப்பாளர் தொடர் அறுவதற்குப் பொய்யன்தான் வேண்டுமென்பதில்லை, அவசரக்காரன் போதும்.

அத்தாலாட்டுகளை இசைத்தவர்களின் பெயரை எங்கே இடுவது என்பதிலும் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. நன்றியுரையில் 'தகவல் தந்துதவிய ஊர்ப் பெரியோர்கள்' என்று மொத்தமாகக் கைகூப்பிவிட்டு, அடிக்குறிப்பில் அச்சான நூல்களின் ஆசிரியர்களை மட்டும் பெயர்சொல்லி நிறுத்துவது நம் ஆய்வேடுகளின் வழமையாகிவிட்டது. பல்கலைக்கழகத்தின் பேராசிரியருக்குரிய இடத்திலேயே, அதே இலக்கத்தோடு, அதே எழுத்தளவில், மூதாட்டியும் நிற்கவேண்டும். பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பாவிட்டால் வயதும் தெருவும் போதும். இந்த விஷயத்தில் மேற்பார்வையாளர் தயங்கினார், மாணவி விட்டுக்கொடுக்கவில்லை. வினாக்களால் அவளை வாட்டிய பென்சிலுக்கு அவள் திருப்பிக் கேட்ட முதல் வினா அதுவே என்பதால், அவளைவிட எனக்குத்தான் கர்வம் அதிகமாயிற்று.

வழக்கமாக ஆய்வேட்டின் பிரதிகள் பல்கலைக்கழக நூலகத்துக்கும், மேற்பார்வையாளருக்கும், எழுதியவரின் அலுமாரிக்கும் போய்ச் சேர்கின்றன; ஊருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. நாங்கள் மேலதிகமாக ஒன்றைக் கட்டுவித்து ஊர் வாசிகசாலையொன்றில் வைத்தோம். சில நாட்களுக்குள் ஒரு பெரியவர் அதை வாசித்துவிட்டு, மூன்றாம் அத்தியாயத்தில் வரும் தாலாட்டுத் தம் மாமியுடையது என்றும், நான்காம் அடி பிழையென்றும், அந்த மூதாட்டி தம் மாமி வீட்டில் வைத்துக் கேட்டதைத்தான் தன் உம்மா சொல்லித்தந்ததாகச் சொல்லியிருக்கவேண்டுமென்றும் இரண்டு பக்கக் கடிதமெழுதி நூலகரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாணவி அதனைப் படம்பிடித்து மேற்பார்வையாளருக்கு அனுப்பினாள். பரீட்சகர் குழு ஏற்றுக்கொண்ட பிரதியில் இனி எதையும் சேர்க்க விதியில்லை என்றும், ஊர்ப் பிரதியில் அந்தப் பக்கத்துக்கு எதிரே கடிதத்தை ஒட்டிவிடலாம் என்றும், ஒட்டுமுன் பெரியவரின் மாமி யாரிடம் படித்தார் என்று கேட்டெழுதிக்கொள்ளும்படியும் அவர் பதில் அனுப்பியிருந்தார்.